எடைக் கொட்டகை

அறைக்குள் போ, கதவைச் சாத்து, பிறகு பேசு
என்று புதன்கிழமை உபதேசியார் சொன்னார்.
சொல்லிவிட்டு எங்கள் அறையைப் பார்த்தார்.
பத்துக்குப் பன்னிரண்டு,
லயத்தில் ஏழாவது.
கதவுக்குப் பின்னால் காஸ் சிலிண்டர்.
கட்டிலுக்கு அடியில் உருளைக்கிழங்கு மூட்டை.
கட்டிலின் மேல்
இரவு டூட்டி முடித்து
ஃபாக்டரி வாசனையோடு தூங்கும் டேவிட்சன்.
சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியத்தின் சீரியல்.
அதில் அழுகிறவள்
எனக்கும் சேர்த்தே அழுதுவிடுவாள்.

தேடினேன்.
குழாயடியில் வரிசை.
கோத்தகிரிக் கோயிலில் மைக்செட்,
ஆண்டவருக்குக் காது மந்தம்போல.
கக்கூசில் தாழ்ப்பாள் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
மூன்று நாள் அங்கேதான் ஜெபித்தேன்.
நான்காம் நாள் யாரோ தட்டினார்கள்.
அவசரம் என்றார்கள்.
நானும் அதைத்தான் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாலாம் நம்பர் காட்டில்
இலை நிறுக்கும் கொட்டகை.
தகரக் கூரை, மூன்று பக்கம் தட்டி,
நாலாவது பக்கம் பனி.
நாலரைக்கு டிராக்டர் போனபின்
அங்கே யாருக்கும் வேலையில்லை.
முதல் நாள் சும்மா நின்றேன்.
முழங்கால் போட வெட்கமாயிருந்தது.
மேஸ்திரியின் ஸ்டூல்.
கொக்கியில் தொங்கும் தராசு.
காற்றில் அதன் முள்
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே நடுங்கிற்று.
சாக்குக்கென்று தினமும் இரண்டு கிலோ கழிப்பார்,
மழை இலை என்றால் மூன்று.
ஈரத்துக்கு இங்கே கூலி இல்லை.

கேட்க வேண்டியதை எழுதியே வைத்திருந்தேன்:
ஷைனியின் ஃபீஸ்.
டேவிட்சனின் குடி.
அப்புறம் ஒரு வரி, அடித்துவிட்டது,
அடித்தும் தெரிகிறது.
இரண்டு நிமிஷத்தில் முதலிரண்டையும் சொல்லி
ஆமென் போட்டு
வீட்டுக்கு ஓடுவேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ
கண் திறந்தபோது
பனிக்குள் ஒரு இருட்டு அசைந்தது.
காட்டெருமை.
வெள்ளைக் காலுறை போட்ட கால்கள், நெற்றியில் சேறு.
திறந்திருந்த ஒரே பக்கத்தில்
குறுக்கே வந்து நின்றது,
செடிகளுக்கு நடுவே முளைத்த புல்லைக் கடித்தபடி.
ஓடக் கூடாது. கத்தக் கூடாது.
போன வருஷம் கத்தின ரங்கம்மாவுக்கு
இன்னும் தோள் தூக்க வரவில்லை.

ஃபீஸ் சொன்னேன். குடி சொன்னேன். ஆமென்.
அது நின்றது.
மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.
நின்றது.
சொல்ல வேறெதுவும் இல்லாமல் போனபின்
பேர் வைக்குமுன் கலைந்த அந்தப் பிள்ளை,
அதற்கு நான் எடுத்து வைத்திருந்த மஞ்சள் ஸ்வெட்டர்,
அதை யாரிடமும்,
அவரிடமும்கூட,
இதுவரை நான் காட்டாதது.
வாய் திறக்கவில்லை.
மாட்டின் விலா ஏறி இறங்கிற்று.
என்னுடையதும்.
தராசு முள்ளை அப்புறம் நான் பார்க்கவேயில்லை.

எப்போது போனதென்று தெரியாது.
இருட்டியிருந்தது.
மிதிபட்ட புல் வாசனை, சாணியில் ஆவி.

எங்கே போய்த் தொலைந்தாய் என்றான் டேவிட்சன்,
ஷூ மாட்டிக்கொண்டே.
மாடு மறித்துவிட்டது என்றேன்.
உலை வைத்தேன்.

அடுத்த நாள் அது வரவில்லை.
நாலாவது பக்கம் வெறுமனே திறந்து கிடந்தது,
தூரத்தில் பஸ் ஹாரன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மேஸ்திரியின் ஸ்டூலை இழுத்து
அங்கே குறுக்கே போட்டேன்.

திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.
காலையில் அவர் சத்தம் போட்டார்,
எவள் இதை நகர்த்தினது என்று.
எல்லோரும் குனிந்து
இலை கிள்ளிக்கொண்டிருந்தோம்.