குடிபுகல்

ஜூலை மழைக்கு மறுநாள்
ஒஸ்த்ராவாவில், டிராம் நிறுத்தத்துச் சிமெண்ட் தரையில்
இறகை உதறிவிட்டு ஓடிக்கொண்டிருந்தவளை
அனேஷ்கா பேனா மூடிக்குள் பிடித்தாள்.
"ராணி இது. உன் வீட்டில் இருக்கட்டும்.
அம்மாவுக்குப் பூச்சி ஆகாது."
உன் வீடு என்றாள்.
நான் திருத்தவில்லை.

ஒரு சோதனைக் குழாய்.
பாதிக்குத் தண்ணீர், அதைத் தடுக்கப் பஞ்சு,
வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் அரண்மனை.
பறக்க வைத்திருந்த தசையைத் தானே கரைத்துத் தின்று
முட்டையிட்டாள்.
குளிர்காலத்தில் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில்
பீட்ரூட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் உறங்கினார்கள்.
அடுத்த கோடையில் எண்ணினேன்: நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு என்றாள் அனேஷ்கா.
ஒன்று செத்துவிட்டதே என்றேன்.
"செத்ததையும் சேர்த்துத்தான்."

குழாயில் தண்ணீர் மஞ்சளித்தது.
வீடு கட்ட முடிவெடுத்தேன்.

யாரோ குளியலறை இடித்துப் போட்ட
எடையில்லாத கான்கிரீட் கல் ஒன்றை
குப்பைத் தொட்டியருகே எடுத்தேன்.
வாள் கொண்டு இரண்டு விரல் கனத்துக்கு அறுத்தேன்.
திருப்புளி, தேக்கரண்டி, பழைய பல் துலக்கி.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்;
இங்கே தேய்த்ததெல்லாம் நான்தான்,
டிப்போவிலிருந்து திரும்பி, இரவு பதினொன்று வரை.
கீழ் வீட்டு ஸ்பினெக் சத்தம் தாங்காமல் ஏறி வந்தான்.
முப்பது வருஷம் நிலக்கரிக்கு அடியில் கிடந்தவன்.
கல்லை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கூரைக்கு முட்டுக் கொடுத்தாயா?" என்று கேட்டான்.
சிரிக்கவில்லை. இறங்கிப் போனான்.

ஆறு அறைகள்.
ஈரத்துக்கு ஓரமாக ஒரு வாய்க்கால்,
குஞ்சறை அதன் பக்கம், தானிய அறை தள்ளி.
ராணிக்கு மட்டும் விளிம்பை மணல்தாளால் தேய்த்தேன்.
ஐந்தாவது அறை முடிகையில் திருப்புளி வழுக்கி
சுவரோரம் ஒரு பொத்தல்,
சுண்டு விரல் நுனி நுழையும், அவ்வளவுதான்.
மூடலாமென்று நினைத்தேன். மறந்துபோனேன்.
மேலே கண்ணாடி: கல்யாணப் படத்தின் சட்டத்திலிருந்து.
படம் இழுப்பறையில் குப்புறக் கிடக்கிறது.
சிலிக்கான் காய நான்கு நாள்;
சமையலறை முழுக்க ஊறுகாய்ப் புளிப்பு.
கண்ணாடிமேல் பூச்செண்டு சுற்றிவந்த சிவப்புத் தாள்,
சிவப்பு அவர்களுக்கு இருட்டாம்.

குழாயின் வாயை வீட்டு வாசலோடு இணைத்தேன்.

யாரும் வரவில்லை.

ஒரு வாரம். இரண்டு.
ஒற்றை எறும்பு வந்து, ராணி அறையின் நடுவில் நின்று,
மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனது.
தேன் வைத்தேன். பழ ஈ வைத்தேன்.
தேன் மட்டும் குறைந்தது.
மூன்றாம் வாரம் மேசை விளக்கை இழுத்து
குழாயின்மேல் நேராகக் கொளுத்தினேன்.
வெளிச்சம் பிடிக்காவிட்டால் கிளம்பித்தானே ஆகவேண்டும்?
முட்டைகளைக் கவ்விக்கொண்டு
குழாயின் அடிப் பஞ்சில் நெரித்து நின்றார்கள்,
ராணியைச் சுற்றி, கறுப்பாக, ஒரே கொத்தாக.

வெள்ளிக்கிழமை. அவளுடைய முறை.
காலணியைக்கூடக் கழற்றாமல் வந்து
விளக்கை அணைத்தாள்.
"ஏன் இப்படிப் பண்ற?"
எனக்குப் பதில் இருந்தது, நீளமாக. சொல்லவில்லை.

அவள் அறைக்கு நான் அடித்த வர்ணம் இளம்பச்சை.
அங்கே அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.
ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில்
முழங்காலில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டாள்.

ஞாயிறு விடியுமுன் என்னை உலுக்கி எழுப்பினாள்.
குழாய் காலி.
சிவப்புத் தாளைத் தூக்கினோம்:
ராணி அறை வெறுமை, குஞ்சறை வெறுமை.
தானிய அறையில் ஈக்களின் தலைகளும் இரண்டு பிணமும்.
நாற்பத்து மூன்று பேரும் முட்டைகளும் அவளும்
அந்தப் பொத்தலுக்குள்,
ஒருவர்மேல் ஒருவர்.
"நல்லா கட்டியிருக்க," என்றாள்.
சுண்டு விரலைக் கண்ணாடியில் வைத்து அளந்தாள்.

பிறகு குளியலறைக்குப் போனேன்.
அவள் பல் துலக்கி இன்னும் பயணப் பைக்குள்தான் இருந்தது,
ஜிப் பாதி திறந்து.
விளக்கைப் போடாமலே
முகம் கழுவினேன்.