தலைக்கு நாற்பது ரூபாய்

வேலை போன ஏப்ரலில்
கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.
முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி.
எண் ஒன்று, சிறுதானிய பிஸ்கட்.
எண் ஏழு, நாய்களுக்குப் பிறந்தநாள் கேக்.
எண் பத்தொன்பதை எழுதி நானே அடித்திருக்கிறேன்,
என்னவென்று இப்போது படிக்க முடியவில்லை.
இருபத்து மூன்றோடு பேனா நின்றது.

அம்மா சொந்தக்காரர்களிடம்
நான் இன்னும் பெருங்குடிக்குப் போவதாகவே சொல்லிவந்தாள்.
நானும் குளித்து, தலை சீவி,
சரியாக எட்டு மணிக்குக்
கிளம்பித்தான் போனேன்.

யோசனை மூக்கு வழியாக வந்தது.

ஆலந்தூர் மெட்ரோ வாசல், பைக் டாக்ஸி,
தஸ்தகீர் என்ற தம்பி நீட்டிய ஹெல்மெட்.
முந்தைய நாள் ஏறி இறங்கியவர்கள் அத்தனை பேரும்
உள்ளே இருந்தார்கள்:
வியர்வை, தேங்காயெண்ணெய், யாரோ ஒருத்தியின் கனகாம்பரத் துணுக்கு,
காயாத ஸ்பாஞ்சின் புளிப்பு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கத்திப்பாரா ஏறி இறங்கினேன்.

நேர்காணலில் கேட்டார்கள்,
ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று.
என் தலைமுடி ஊரார் தலையாக நாறிக்கொண்டிருந்தது.
வேறெதுவும் தோன்றவில்லை எனக்கு.

சாயங்காலம் பார்க்கிங்கில் நின்று எண்ணினேன்.
கண்ணாடியில் மாட்டியவை, சீட்டில் கவிழ்த்தவை,
பூட்டுப் போட்டுத் தொங்கியவை
முந்நூற்றுப் பன்னிரண்டு.
காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை
சும்மா வெயில் காயும் மண்டைகள்.

டோக்கன் கிழிக்கும் டில்லிபாபு சிரித்தார்:
"ஹெல்மெட்டை எவனாவது தோய்ப்பானாம்மா?
தலையையே ஞாயித்துக்கெழமதான் நனைக்கிறான்!"

புதுப்பேட்டையில் ஏழு பழைய ஹெல்மெட் வாங்கினேன்,
பாழாக்கிப் பார்க்க.
வெந்நீரில் பசை விட்டது ஒன்று.
டிடர்ஜென்ட்டில் வெளிறியது ஒன்று.
மொட்டை மாடியில் மூன்று நாளாகியும் காயாதது ஒன்று,
அதைக் காக்கை தூக்கப் பார்த்தது.
ஏழாவது பிழைத்தது.
பி.எஃப். பணத்தில் முப்பத்தோராயிரம்
ஒரு செத்த ஃப்ரிட்ஜின் கூட்டுக்கும்
அதற்குள் வெல்டிங் வைத்த மூன்று ஃபேனுக்கும்
மிச்சம் ஆலந்தூரில் ஒரு ஷட்டர் கடையின்
முன்பணத்துக்கும் போனது.

முதல் நாள் யாருமில்லை.
இரண்டாம் நாள் டில்லிபாபுவுடையது, இலவசம்.
மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.
நான்காம் நாள் ஒருவர், மெட்ரோவைப் பிடிக்கும் ஓட்டத்தில்,
கையில் திணித்தார்:
"ஆறரைக்கு இல்லேன்னா போலீஸ் ஃபைன் நீங்கதான் கட்டணும்."

ஆறரைக்கு மாட்டினார். கழற்றினார்.
உள்ளே முகர்ந்தார்.
மறுபடி மாட்டிக்கொண்டு
வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
என் சின்ன ஸ்பீக்கர் பெட்டி
பார்க்கிங் முழுக்கக் கத்தியது,
நாற்பது ரூபாய் பெறப்பட்டது.
எட்டு வருஷச் சம்பளம் எதுவும்
வந்தபோது சத்தம் போட்டதில்லை.

எல்லாம் நல்லபடி போனது என்று சொல்லமாட்டேன்.
இரண்டு கறுப்பு ஹெல்மெட்டின் உள்துணி மாறிப்போய்
மறுநாள் ஒருவர் வந்து நின்றார்:
"இது என் தலை இல்லீங்க."
அன்றிரவுதான் ஒவ்வொன்றிலும்
துணி நம்பர் தைக்க ஆரம்பித்தேன்.

இதோ ஐப்பசி வருகிறது.
மழையில் மூன்று ஃபேன் போதுமா, தெரியாது.
கரண்ட் பில்லைப் பார்த்தால்
நாய் கேக்கே பரவாயில்லையோ என்றிருக்கிறது.

நேற்று வங்கியில் நடப்புக் கணக்குக்கு விண்ணப்பம்.
தொழில் என்ற கட்டத்தில்
என்ன எழுத என்று கேட்டேன்.
என்ன செய்றீங்க என்றார் கவுன்ட்டர்காரர்.
சொன்னேன்.
குனிந்தார்.
மேசைக்கடியிலிருந்து தன்னுடையதை எடுத்து
விண்ணப்பத்தின் மேலேயே வைத்தார்.

"நாப்பதுதானே?
ஐநூறா இருக்கு,
சில்லறை வெச்சிருக்கீங்களா?"