பதினான்காவது வாரம்

நாலு மணிக்கு அலாரம்.
மூன்று ஐம்பதுக்கே விழித்துக் கிடக்கிறேன்,
அது அடிக்கட்டும் என்று.
இந்தப் பத்து நிமிடம்தான்
இந்த வாரத்தில் என் விடுமுறை.

பயிற்சி அட்டவணையில் முடித்த நாள் பச்சை,
தவறிய நாள் சிவப்பு.
செவ்வாய் சிவப்பு. ஈசூன் நீச்சல்குளத்தில்
அறுநூறாவது மீட்டரில் மின்னல் எச்சரிக்கை ஊத,
ஈரத்துண்டோடு கூரைக்கடியில்
பெய்யாத வானத்தைத் திட்டிக்கொண்டு நின்றேன்.
புதன் சிவப்பு. வார்டில் இரட்டை ஷிப்ட்.
வியாழன் பச்சை, ஆனால் அது பொய்:
பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டம் என்று எழுதியதில்
கடைசி மூன்று நடந்தது.
கடிகாரத்துக்குத் தெரியும்.
மெய்ஃபெனிடம் சொல்லவில்லை.

அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
"களைப்பு என்பது வெறும் தகவல்" என்பாள்.
என் முழங்காலில் வந்து உட்கார்ந்து சொல்லேன் என்று
தமிழில் முணுமுணுப்பேன்.

குளியலறைக் கம்பியில் காயும் சட்டையில்
உப்பு வரைந்த தேசங்கள்.
மகன் அதில் ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தான்.
போன வாரம் அவன் பள்ளி நாடகம். அவன் மரம்.
இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.
பார்த்தேன் கண்ணா என்றேன்.
"எந்தப் பக்கம் நின்னேன்?" என்றான்.

ஞாயிறு. நூற்றைம்பது கிலோமீட்டர்.
தானா மேரா கடலோரச் சாலையில்
போய்த் திரும்பி, போய்த் திரும்பி.
செக்குமாடாவது வட்டமடிக்கும்.
தலைக்கு மேல் தாழ்கிற ஒவ்வொரு விமானமும்
எங்கிருந்தோ கிளம்பி
எங்கோ வந்து சேர்ந்துவிடுகிறது.

நூற்றுப்பதினொன்றில் டயர் வெடித்தது.
மாற்று ட்யூப் போட்டேன். அதுவும் சீறி அடங்கியது.
மெய்ஃபெனும் ஹாஸிக்கும் புள்ளியாகிப் போயிருந்தார்கள்.
சாலை விளிம்பில் உட்கார்ந்தேன்.
அழவில்லை, கண்ணில் வியர்வை.
சரி, அழுதேன்.

இரவு வேலை முடிந்து திரும்பும் லாரி ஒன்று நின்றது.
"தமிழாக்கா?"
ட்யூபை நான் திட்டியதைக் கேட்டிருக்க வேண்டும்.
மண்வெட்டிகளுக்கு நடுவே என் சைக்கிளைப்
பச்சைப்பிள்ளையைப் போலக் கிடத்தினார்கள்.
விலை என்னவென்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

சிங்கம்புணரிக்காரன் சேவுகன் கேட்டான்:
"போட்டியில ஜெயிச்சா எவ்ளோக்கா தருவாங்க?"
"தர மாட்டாங்க. நாங்கதான் பணம் கட்டணும்."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி,
"காசு கட்டி ஓவர்டைம் பாக்குறாங்கடா!"
லாரியே குலுங்கியது. நானும் சிரித்தேன்,
தொடைத் தசை பிடித்து இழுக்கும்வரை.

சிரிப்பு ஓய்ந்து ஒவ்வொருவராய்த் தூங்கிப்போனார்கள்,
உட்கார்ந்தபடி, பக்கத்துத் தோளில் தலை சாய.
இந்தத் தூக்கம் எனக்கும் தெரியும் என்று
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
தெரியாது.
என்னுடையது நான் வாங்கிய களைப்பு,
ரசீதுகூட இருக்கிறது.

பிடோக்கில் இறங்கினேன்.
"பாக்கி எவ்ளோக்கா?"
"முப்பத்தொன்பது."
"அய்யோ, அரைநாள் சம்பளத்தப் பிடிச்சுக்குவாங்களே!"
லாரி நகர்ந்த பிறகும் அவன் பல் தெரிந்தது.

சைக்கிள் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.
எதிரே கோப்பிக்கடையில் காத்திருந்து
மூன்று ட்யூப் வாங்கினேன்.
அட்டவணையைத் திறந்து
ஞாயிறுக்கு நூற்றுப்பதினொன்று என்று எழுதினேன்.
அப்படியே வியாழனுக்குப் போய்ப்
பதினெட்டை அழித்துப் பதினைந்தாக்கினேன்.
பெட்டி சிவந்தது.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன்,
நாடகத்தில் தூங்கிவிட்டேன் என்று.
"தெரியும்" என்றான், தொலைக்காட்சியைவிட்டுத் திரும்பாமல்.
எந்தப் பக்கம் நின்னே?
"லெஃப்ட்ல கடைசி. கையத் தூக்கியே நிக்கணும்.
ரொம்ப வலிச்சுது. இறக்கவே இல்ல."
எவ்வளவு நேரம்?
"தெரியாது. யாரும் பாக்கலையே."

காட்டு என்றேன்.
கூடத்தின் நடுவில் போய் நின்று
இரண்டு கையையும் உயர்த்தினான்.
நான் கடிகாரத்தை அமுக்கினேன்.