இடது காது

வியாழக்கிழமை என்றால் ஹெஸ்ல் ரோட்டு மதுக்கடையில்
மூலை மேஜை எங்களுக்கு.
வில்ஃப், மாரீன், டெஸ்மண்ட், நான்.
நான்கு கிளாஸ், இரண்டு பொட்டலம் பன்றித்தோல் வறுவல்,
தீர்ப்பே வராத ஒரு வழக்கு:
ஹம்பர் லாந்தர்ன்ஸ் என்றால் யார்?

ரெக்ஸ்தான், என்பாள் மாரீன்.
அந்தத் தொண்டை இல்லாவிட்டால்
மற்றவர்கள் இன்னும்
கல்யாணக் கூடங்களில் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

வில்ஃப் கிளாஸை வைக்கமாட்டான், நங்கென்று ஊன்றுவான்.
தொண்டையாம் தொண்டை!
பனிமூட்டத்தில் கப்பல் ஊதும் சங்கு
அதைவிடச் சுதி சேரும்.
எல்லாம் ஸ்டப்ஸின் கிடார். முழுக்க ஸ்டப்ஸ்.
உடனே மேஜை விளிம்பில் அவன் விரல்கள்
மூன்றாவது இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை வாசிக்கும்.
முப்பது வருஷம் காட் மீன் அறுத்த விரல்கள்,
அதில் ஒன்று பாதிதான்.

டெஸ்மண்டுக்கு எப்போதும் பேஸ் வாசித்த ஆல்பி.
யாருக்கும் ஞாபகம் இல்லை என்பதாலேயே பிடிக்கும்.
நகராட்சியில் சாக்கடை பார்த்த மனுஷன்:
"தரைக்கு அடியில் ஓடுவது
நின்றால்தான் தெரியும்" என்பான்,
வாராவாரம், எழுத்துப் பிசகாமல்.

டிரம்ஸ் வாசித்த வின்ஸைப் பற்றிப் பேச்சே எழாது.
வின்ஸ், மாரீனின் முதல் புருஷன்.

இந்த வாரம் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
நவம்பர் எட்டு, பழைய பிங்கோ கூடம்,
அதே பெயர், அதே கோணல் எழுத்து.
படத்தில் ஐந்து பேர்.
நான்கு பேர் எங்கள் பல்செட்டைவிட இளையவர்கள்.
நடுவில் பிம்.
நாலாவது தட்டுக்கு ஆர்கன் வாசிக்க வந்த லெனர்ட் பிம்.
ரெக்ஸ் மண்ணுக்குள்.
ஸ்டப்ஸ் கோர்ட்டில் தோற்று போர்ச்சுகலில்.
ஆல்பிக்குக் கை நடுக்கம்.
பெயர் மட்டும் பிம்மிடம், பத்திரம் பதிந்து.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை, என்றேன்.
கட்டெறும்பாவது கடிக்கும், என்றான் வில்ஃப்.
அப்புறம் என்னதான் மிச்சம் என்று தொடங்கினார்கள்.
பாட்டா, பேரா, அந்த நாலு பேரா,
அவர்களைப் பார்த்துக் கிடார் வாங்கிய ஊர்ப் பையன்களா.
மிச்சம் என்னிடம் இருக்கிறது
என்று எனக்குச் சொல்லத் தோன்றியதில்லை இதுவரை.

எழுபத்து நாலு, பிப்ரவரி. எனக்குப் பதினாறு.
மேடைக்கு இடப்பக்கம், ஆள் உயர ஸ்பீக்கரில்
கன்னம் ஒட்ட நின்றேன்.
கடைசிப் பஸ்ஸை விட்டு, பனியில் நடந்து வீடு வந்தால்
கூடவே வந்திருந்தது ஒரு ஒலி.
கெட்டில் கொதிக்க ஒரு நொடி இருக்கையில் வருமே, அது.
இன்னும் கொதிக்கவில்லை.
நடுநிசியில் ஃபிரிட்ஜ் அடங்கியதும்
அது தனியாக மேடை ஏறும்.
எதனால் வந்தது என்று டாக்டர் கேட்டார்.
லாந்தர்ன்ஸ், என்றேன்.
கண்ணிலும் கோளாறா என்றார்.

மேஜை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு, வேறென்ன, வழக்கு என் காதுக்குள் இறங்கியது.
அது ஸ்டப்ஸ், ஆம்ப்பை நோக்கிக் கிடாரைத் திருப்புவானே.
இல்லை, ரெக்ஸின் உச்சக் கூவல்.
டெஸ்மண்ட் தலையாட்டினான், வருத்தமாக:
ஆல்பியால் இவ்வளவு மேலே போக முடியாது.

மாரீன் எழுந்து வந்தாள்.
என் கம்மலை விலக்கி, காதோடு காது வைத்தாள்,
பக்கத்து வீட்டுச் சுவரில் வைப்பதுபோல.
அவள் தலைச்சாயம் வாடை அடித்தது.
"வின்ஸ்" என்றாள்.
பதினோரு வருஷத்தில் முதல்முறை.
"இடப்பக்கச் சிம்பல். ஓங்கித்தான் அடிப்பான்.
வீட்டில் கதவையும் அப்படித்தான் சாத்துவான்."
கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

டிக்கெட் முப்பத்திரண்டு பவுண்டாம்.
பகல் கொள்ளை என்றான் வில்ஃப்,
நாலு பேருக்கும் சேர்த்து எண்ணியபடி.
எனக்கு முழு டிக்கெட் எதற்கு?
இடது காதுக்கு அன்றைக்கே வாங்கியாகிவிட்டது.
வலதுக்கு மட்டும்
ஒரு அரை டிக்கெட் கிடைக்குமா, கேட்டுப் பார்.