காரல் குவியல்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
காரங்காடு பஸ் நிறுத்தத்தில் கட்டிய பிளெக்ஸ்
இப்போது எங்கள் காரல் கருவாட்டை மூடுகிறது.
பறக்காமலிருக்க
என் மூக்கின் மேல் ஒரு கல்.
"மண்ணின் மைந்தன்" என்பதில்
மைந்தன் மடிப்புக்குள் போய்விட்டான்.

சோதனைக் குப்பியில் பெயர் இல்லை, எண் மட்டும்.
டிரங்குப் பெட்டியோடு கேட்டைத் தாண்டியபோது
சல்யூட்டுக்கு உயர்ந்துவிட்ட கையால்
காவல்காரன் காதைச் சொறிந்துகொண்டான்.

ஒரே தடவைதான் என்றேன் வீட்டில்.
பொய்.
முழங்கால் வலிக்கென்று தொடங்கியது,
பிறகு தூக்கத்துக்கு,
பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு.

பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.
"ரெண்டு வல்லம் வாங்கலாம்" என்றார் அப்பா.
வேறொன்றும் சொல்லவில்லை.
அதன் பின்பக்கத்தில்
ஐஸ் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

நேற்றுப் பின்னிரவு சீமோன் வந்தான்.
நாலு மூட்டை, நடுக்கடல் வரை,
திரும்பினால் முப்பதாயிரம்.
உள்ளே என்ன என்று அவன் சொல்லவில்லை.
மணம் சொன்னது.
வாயில் எச்சில் ஊறியது,
அதற்குத்தான் பயந்தேன்.

போகவில்லை. பெரிய காரணமெல்லாம் கிடையாது.
யோசித்து முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது,
கால்கள் தாமாக எழுந்துகொண்டன.
அலையாத்திக் காடு வரை ஓடினேன்,
சேறு கெண்டைக்காலைப் பிடித்து இழுக்க,
எண்ணிக்கை சொல்ல ஆளில்லாமல்
இடது, வலது, இடது.

திரும்பியபோது தங்கை பிரிஜித்தா
பிளெக்ஸை விரித்துப் போட்டு
என் முகத்தில் ஒட்டிய செதில்களை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
செதிலோடு கொஞ்சம்
தொப்பியும் உரிந்து வந்தது.