ஷேட், ஷேடோ

தை பிறந்தால் கடீனாவில்
நாற்பத்தாறு டிகிரி பிறக்கும்.
தென் ஆஸ்திரேலியா. சூரியன் அங்கே வடக்கே நிற்பது.

நோரீன் ட்ரெகென்ஸா வீட்டுப் பின்புறம் ஒரு மிளகு மரம்.
நம் மிளகல்ல, பெயரளவில் மிளகு.
தையில் அது தன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.
ஆடியில் வேலி தாண்டி நீண்டு
டாரில் நோஸ்கேயின் கூரையேறிப் படுக்கும்,
பதினெட்டு சோலார் தகடுகள் மேல்.

எது படுக்கும்?
இங்கேதான் எனக்கு நாக்குக் குழறுகிறது.
கவுன்சிலுக்கு டாரில் எழுதிய கடிதத்தில்
பதினோரு இடத்தில் ஷேடோ.
நோரீன் பென்சிலில் எழுதிய பதிலில்
ஒரே ஒரு ஷேட்.
நான் இரண்டையும் நிழல் என்றுதான் எழுத முடியும்.
எழுதினால் வழக்கே இல்லை.

ஷேட், உள்ளே போய் உட்காரும் இடம்.
ஷேடோ, மேலே வந்து விழும் உருவம்;
அதை மட்டும்தான்
யாருடையது என்று கேட்கலாம்.
கேட்டார்கள்.

ஆய்வுக்கு வந்த கெய்லி வைட்டிங்
மரத்தடியில் நின்றுதான் படிவத்தை நிரப்பினாள்.
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.
"நல்ல ஷேட்" என்றது வாய்.
கை, ஷேடோ என்ற கட்டத்தில் குறியிட்டது.
நாளுக்கு மூன்று யூனிட் நஷ்டம்,
கணக்கில் பிழையில்லை.

புரட்டாசியில் வெட்டினார்கள்.
மரம் அரைக்கும் இயந்திரம் மதியம்வரை இருமியது.
தெருவெல்லாம் கார வாசனை.
டாரில்கூட இரண்டுமுறை தும்மினான்.

மறுபடி தை. மாலை ஐந்து மணி.
முற்றத்தில் கொடிக்கம்பம், ஒரு வாளி,
முழங்கால் உயர அடிமரம், துணி எடுக்க வந்த நோரீன்.
எல்லாவற்றுக்கும் நிழல் இருந்தது.
எங்குமே நிழல் இல்லை.
தமிழில் இது விடுகதை.
அவர்கள் மொழியில் வெறும் வானிலைச் செய்தி.

டிங்கருக்கு வயது பதினான்கு, ஒரு கண்ணில் புரை.
அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி மோந்து தேடிவிட்டு
அவளிடம் வந்தது.
தரையில் கிடந்த அவள் கறுப்புக்குள்
முதலில் மூக்கை வைத்தது,
பிறகு முன்னங்கால்,
பிறகு உடம்பை மடக்கிப் படுத்துக்கொண்டது.
வால் மட்டும் வெயிலில்.

கையில் காய்ந்த தலையணை உறையோடு
அவள் அசையாமல் நின்றாள்.
சூரியன் நகர நகர
அரையடி, இன்னும் அரையடி,
வலப்பக்கம் தள்ளித் தள்ளி நின்றாள்.

கெய்லி,
உன் படிவத்தை எடு.
இதற்கு எந்தக் கட்டம்?