ஒன்பது மணிக்குப் பூசினால்

பேரணாம்பட்டில் தோல் கம்பெனியில்
எனக்கு வேலை தடவுவது.
வெள்ளாட்டுத் தோலை ட்யூப்லைட்டுக்கு அடியில் விரித்து
உள்ளங்கையால் ஒருமுறை, விரல்நுனியால் ஒருமுறை.
உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் இழுத்த கோடு,
கசாப்புக் கத்தி தவறிய இடம்,
எல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரியும்.
ஏ, பி, சி.
சாக்பீஸால் மூலையில் எழுதித் தள்ளிவிடுவேன்.

பங்குனி பிறந்ததும் கை வெடித்தது.
கட்டைவிரல் ஓரத்தைப் பிடித்துப் பார்த்த நசீமா
"பாலாறுடி" என்றாள்,
"தண்ணியே இல்ல, வளைவு மட்டும் இத்தனை."

சூப்பர்வைசர் ஒரு கறுப்புத் தோலைத் தூக்கிக் காட்டினார்.
என் விரல் போட்ட கீறல், தலைமுடி அளவு.
"கைக்கு ஏதாச்சும் போடும்மா ரோசலின்."
தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு போன அன்று
சந்தன நிறத் தோலில்
ஐந்து விரலும் வரிசையாக வந்து உட்கார்ந்தன.
"கையில ஏம்மா எண்ணெய்?"
அதே வாய்தான்.

குடியாத்தம் மருந்துக்கடையில்
மஞ்சள் பூ ஒட்டிய சின்னக் குப்பி, கண்ணாடிச் சொட்டான்,
முப்பது மில்லி முந்நூற்றுத் தொண்ணூறு.
திருப்பி, பொடி எழுத்தை எழுத்துக்கூட்டினேன்:
சூரியகாந்தி விதை எண்ணெய்.
அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை.
குப்பியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நசீமாவின் தம்பி செக்குக்கடை வைத்திருக்கிறான்.
நூறு மில்லி, மாத்திரை பாட்டிலில்.
வாசனை என்று பெரிதாக இல்லை,
பச்சை விதையைக் கடித்தால் வருமே, அவ்வளவுதான்.
வேலூர் வெயிலை முகத்துக்கு நேரே பார்க்கிற தைரியம்
அந்தப் பூவுக்கு மட்டும்தான்.
நாமெல்லாம் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறோம்.

கழிவுத் தோல் ஒரு துண்டு, பால் நிறத்தில்,
டிபன் பையில் வைத்து எடுத்துவந்தேன்.
ராத்திரி ஒன்பதுக்கு மூன்று சொட்டு.
உடனே கட்டைவிரலை அழுத்தினேன்:
கறை, வட்டமாய், ரேகையோடு.
பக்கத்தில் பேனாவால் மணி எழுதினேன்.
பத்தரைக்கு அரை வட்டம்.
பாத்திரம் கழுவிவிட்டு, மறுபடி பூசிக்கொண்டு படுத்துவிட்டேன்.
காலையில் ஆறு மணி சங்கு ஊதும்போது
அழுத்தினேன். ஒன்றும் இல்லை.
நம்பாமல் இன்னும் அழுத்தினேன்.
வெளுப்பு. வெறும் வெளுப்பு.

சாமிதாசுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை.
அவர் எண்ணெய் கேட்கவில்லை.
இரண்டாம் நாள் ராத்திரி, டிவியைப் பார்த்தபடியே
கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

மூன்று சொட்டு என்பது என் கணக்கு.
அவர் கை எட்டைக் குடித்தது, ஒன்பதாவதையும் குடித்தது,
குடித்ததற்கு அடையாளமே இல்லாமல் கிடந்தது.
தேய்க்கத் தேய்க்க என் விரல் வழக்கப்படி படித்துக்கொண்டே போனது.
உண்ணி இல்லை. வேலிமுள் இல்லை.
சுண்ணாம்பு தின்ற ஓரம்.
டிரம் கதவு நசுக்கிய நகம், அது நாங்கள் கட்டிக்கொண்ட வருஷம்.
மோதிரவிரலுக்குக் கீழே ஒரு இடம் மட்டும்
எப்படியோ கன்றுத்தோலாக இருக்கிறது.
இருபது வருஷத்தில் எனக்குத் தெரியாது.

"என்ன கிரேடு?" என்றார், டிவியிலிருந்து திரும்பாமல்.

"ஆட்டாதீங்க" என்றேன்,
"இன்னும் பாத்து முடிக்கல."